தண்ணீர் குறைந்த கலவை

பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது.

டப்பா விற்கிற மாப்பிள்ளைக்கு மேஸ்திரியின் இந்த வீடு கொடுக்க வேண்டிய பாக்கி அதுதான். அவர் வாயிலிருந்தே சில்லறை குறையாமல் வந்த தொகை. போன வாரம் தன் அம்மாவும் தம்பியும் பக்கத்தில் இருக்க, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னார்.

"அந்தப் பாக்கி தீர்ற வரைக்கும் உங்கப்பா வீட்டுப் படி ஏறாதே. எனக்குக் கேக்கவும் முடியலை, விடவும் முடியலை."

அவர் கெட்டவர் இல்லை. பகலில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறார். வேலை முடிந்த பிறகு சத்துப்பொடி டப்பா விற்கிறார். கம்பெனிக்கு முன்பணம் கட்டித்தான் டப்பா எடுக்க வேண்டும். விற்காதது அவர் தலையில்தான் விடியும். மாமனார் மேஸ்திரிக்குக் கை நடுக்கம் வந்து, அதற்குப் பேர் பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, மாதம் தவறாமல் இந்த வீட்டுக்கு டப்பா வந்தது. முதலில் ஒன்று. பிறகு சோர்வுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று.

மேஸ்திரி ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வயது முழுக்கச் சுவர் பூசி, தளம் போட்டுச் சாப்பிட்ட மனிதர். கொடுத்ததை வாங்கிக்கொண்டு தலையாட்டுவார். "மாப்பிள்ளை கையால வந்தது. வேண்டாம்னா யாருக்கு அடி? பொண்ணுக்குத்தானே?" என்பார்.

போன வாரம் கழிவறை வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நகர முடியாமல் நின்றுவிட்டார்; அந்தக் கால் அதற்குப் பிறகும் சரியாக வரவில்லை. தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுகிறது. மாத்திரை அளவைக் கூட்டிக் கொடுத்தும் பார்த்தாயிற்று. கூட்டியதும் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

இன்று காலை மகள் வந்து நின்றாள். தையல் ஆலைக்குப் போகும் நேரம் அது. சாப்பாட்டுப் பை தோளில் தொங்கியது.

அண்ணன் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். அவனும் மேஸ்திரிதான். வேலையிடத்தில் அவனுக்கு, சுவரின் சாய்வு பார்க்கிற ரசமட்டத்தின் பேர்தான். எது கொஞ்சம் சாய்ந்தாலும் பொறுக்கமாட்டான், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் கூடிவராததற்கு அந்த வாயும் ஒரு காரணம்.

"வேலைக்குப் போகலையா பாப்பா?"

"லீவு சொல்லிட்டேன்."

"அவர்கிட்ட?"

"அவர்கிட்ட வேலைக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப பொய்."

"ஆமா. நீ எடுத்து வச்சு மட்டம் பாரு. அப்பா எங்கே?"

"உள்ள. கலவை போட்டுட்டு இருக்காரு."

அப்பாவைக் கட்டிலில் சுவரோடு சாய்த்து உட்காரவைத்திருந்தான். எதிரே முக்காலி. முக்காலி மேல் அலுமினியக் கிண்ணம். சுற்றிலும் டப்பாக்கள், மூடி திறந்து. மேஸ்திரியின் வலது கையில், சுவருக்குப் பட்டி தேய்க்கிற சின்னத் தகடு ஒன்று. கைப்பிடி அவர் விரல் பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்திருந்தது.

சட்டைப் பொத்தான் போட அவரால் முடியாது. தலை வார முடியாது. இந்தக் கலவையை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். முதலில் எல்லாப் பொடியையும் காயக் கலக்க வேண்டும். மாத்திரை தொண்டையில் நிற்கிறது என்பதால் அதையும் நசுக்கி அதிலேயே சேர்த்துவிடுவார். நிறம் ஒன்றாகும் வரை புரட்டுவார். பிறகு நடுவில் குழி பறித்து அதில் கால் டம்ளர் தண்ணீர் விடுவார். ஓரத்திலிருந்து சரித்துச் சரித்துக் குழிக்குள் தள்ளுவார். கெட்டியாக, தகட்டில் நிற்கும் பதத்துக்கு வந்ததும் கரண்டியால் வழித்து விழுங்குவார்.

"சலிக்க வேண்டியதே இல்லைம்மா" என்றார் மகளிடம். குரல் பக்கத்து அறைக்குக் கேட்காது. "கை தானா சலிச்சுடுது."

அவர் முகம் சிரிக்கவில்லை. இந்த வியாதியில் முகம் இறுகிவிடும். நன்றாகத் தேய்த்து முடித்த பூச்சு மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல் இருக்கும். அவர் சிரிக்கிறாரா, நோகிறாரா என்று பார்த்துச் சொல்ல முடியாது. மகள் மட்டும் அவர் இடது கைக் கட்டைவிரலைப் பார்ப்பாள். மனசில் ஏதாவது இருந்தால் அது உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இப்போது வெளியேதான் இருந்தது.

அவர் கலக்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணனும் தினமும் பார்ப்பவன்தான். அந்த வீட்டில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. கலவை என்றால் அப்படித்தான் போட வேண்டும்.

"பாக்கிக்கு என்ன பண்ணப் போறே?" என்று கேட்டாள் மெதுவாக.

"மாடி ரூம் கூலியைக் கேட்டா அவர்தான் நமக்குத் தரணும்" என்றான் அண்ணன். "சுவத்துக்குப் பூச்சு, தளம், படிக்கட்டு. எவ்வளவு நாள் வேலை! ஒரு காசு கொடுத்தாரா?"

கட்டிலிலிருந்து தகடு கிண்ணத்தில் தட்டும் சத்தம் கேட்டது.

"வாயை மூடு" என்றார் மேஸ்திரி. "பொண்ணு வீட்டுல செஞ்சது வேலை இல்லை."

மகள் குனிந்துகொண்டாள். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் அவளுக்கென்று ஓர் இடம் இல்லை. மாடியில் ஓர் அறை எழுப்பினார்கள். கல்லும் சிமெண்டும் அவர்கள் செலவு. கை அப்பாவுடையது. அப்போதே அவர் விரல் ஒன்று தானாக ஆட ஆரம்பித்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் அந்த விரலை மடக்கிக்கொண்டே பூசி முடித்தார். பிறகு அவர் முழுதாகப் பூசிய அறை வேறு இல்லை.

மேஸ்திரி கலவையில் நாலு கரண்டி விழுங்கினார். ஐந்தாவது திரும்பி வந்தது. அதோடு முதல் நாலும் வந்தன.

மகள் ஓடிப் போய்த் துணி எடுத்தாள். சட்டையை அவிழ்த்தபோதுதான் வயிற்றைப் பார்த்தாள். உடம்பெல்லாம் ஒட்டிக் கிடக்க, வயிறு மட்டும் தனியாக ஒருவருடையது போல மேடிட்டு இருந்தது. அண்ணன் வந்து குனிந்து, ஒட்டின டைல்ஸை வேலையிடத்தில் தட்டிப் பார்ப்பதைப் போல விரல் கணுவால் தட்டினான்.

"உள்ள காத்து நிக்குது" என்றான். "அப்பா, வெளிக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?"

"பொண்ணு முன்னாடி கேக்கற கேள்வியா இது?"

"அப்பா!"

"போன வாரம் கொஞ்சம்" என்றார். பிறகு சுவரைப் பார்த்தபடி, "அதுக்கு முன்னாடியும் கொஞ்சம்தான்."

மணல் ஏற்றும் வேனைக் கேட்டு வாங்கி வந்தான் அண்ணன். முன் இருக்கையில் அப்பாவை இருவருமாக மடக்கி உட்காரவைத்தார்கள். கால் மடங்கவே நேரம் பிடித்தது. "எல்லா டப்பாவையும் எடு, டாக்டர் கேப்பாங்க" என்றாள் மகள். பை இல்லை. காலி சிமெண்ட் சாக்கு ஒன்றில் போட்டுக் கட்டினான்.

நரம்பு டாக்டர் ஒரு பெண். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடுகிறவர். முந்தின ஆளைப் பார்த்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. மேஸ்திரியின் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். படம் எடுத்து வரச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மகனைத்தான் பார்த்தார்.

"மலம் கல்லாக் கட்டியிருக்கு. குடல் முழுக்க. கீழேயிருந்து மருந்து விட்டுப் பார்க்கறோம். சாயங்காலத்துக்குள்ள வழி விட்டா நல்லது. இல்லைன்னா அறுவைச் சிகிச்சை வார்டுக்கு அனுப்பணும். இந்த உடம்புக்கு மயக்க மருந்து கொடுக்கறது எனக்குப் பிடிக்கலை."

மகள் அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுக்கத்துக்குத்தானே இவரைப் பார்க்கறீங்க. வயிறு ஏன்?" என்றான் அவன்.

"ரெண்டும் ஒரே வியாதி. நிறையப் பேருக்குக் கை நடுங்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே வயிறு கட்ட ஆரம்பிச்சிடும். குடலுக்கும் நரம்பு இருக்கே, அதுவும் மெதுவாயிடுது. இரைப்பை அசையலைன்னா மாத்திரை அங்கேயே கிடக்கும். குடலுக்குப் போனாத்தான் உடம்புல ஏறும். சரி, என்னென்ன கொடுக்கறீங்க?"

அவன் சாக்கை அவிழ்த்து மேசைமேல் அடுக்கினான். அடுக்கி முடித்தபோது டாக்டரின் முகம் டப்பாக்களுக்குப் பின்னால் பாதி மறைந்துபோனது.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்து, படித்தார்.

"இது புரதப் பொடி. கெட்டது இல்லை. ஆனா இதுவும் உங்க மாத்திரையும் ஒரே வாசல் வழியா உள்ள போகணும். கூட்டத்துல மாத்திரை வெளியவே நின்னுடும். வேற நேரத்துல கொடுக்கலாம், மாத்திரையோட கூடாது."

"இது இரும்புச் சத்து. ரத்தம் கம்மின்னு யாராவது பரிசோதிச்சாங்களா?"

"இல்லைங்க. சோர்வுக்கு நல்லதுன்னு மாப்பிள்ளை..."

"இதுவும் மாத்திரையைப் பிடிச்சு வச்சுக்கும். வயித்தையும் கட்டும்." அதைத் தள்ளி வைத்தார். அடுத்ததை எடுத்தார். "இது பூனைக்காலி விதை. இதுல பொய் இல்லை. உங்க மாத்திரையில இருக்கற மருந்தே இதுலயும் இருக்கு. எவ்வளவு இருக்குன்னுதான் தெரியாது. நான் ஓர் அளவு எழுத, இந்த டப்பா ஓர் அளவு எழுத, இவரு என்ன பண்ணுவாரு?"

"சில நாள் எழுந்ததும் தலை சுத்தி உக்காந்துடறாரு" என்றாள் மகள்.

"இருக்கலாம். இதாலயும் இருக்கலாம்." அடுத்தது ஒரு குப்பி. "இது செல்லுக்குச் சக்தியாம். பெரிய அளவுல கொடுத்துச் சோதிச்சுப் பார்த்தாங்க, இந்த வியாதிக்குப் பலன் தெரியலை. உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை, பாக்கெட்டுக்குத்தான்."

சாக்கின் அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையும் வந்தது. அதைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது.

"இதை யார் கொடுத்தா?"

"வாந்திக்கு. நான்தான் மருந்துக் கடையில..."

"வியாதி பேரைச் சொல்லிக் கேட்டீங்களா?"

ரசமட்டத்துக்கு எதிலும் சாய்வு தெரியும். இதில் தெரியவில்லை. 'வாந்திக்கு ஒண்ணு கொடுங்க' என்று மட்டும்தான் கேட்டிருந்தான்.

"இந்த வியாதிக்காரங்களுக்கு இது ஆகவே ஆகாது. விறைப்பைக் கூட்டும். இனிமே எந்தக் கடைக்குப் போனாலும் முதல்ல வியாதி பேரு. அப்புறம்தான் வாந்தி, தலைவலி எல்லாம்."

கடைசியாக நின்றது வயிற்றுக்கான டப்பா. டாக்டர் அதைத் திருப்பிப் படித்தார்.

"நார்ப்பொடி. இது நானே எழுதிக் கொடுக்கறதுதான். இதைச் சாப்பிட்டுமா இப்படி?" மேஸ்திரியிடம் திரும்பினார். "ஐயா, இதை எவ்வளவு தண்ணியில குடிக்கறீங்க?"

அவர் உதடு அசைந்தது. மகள் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுச் சொன்னாள்.

"கால் டம்ளர்."

"இதுக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும் சேர்த்து. ஒண்ணாக் கலந்து. மாத்திரையும் அதுலதான்."

"அதுக்கு மேல தண்ணி?"

மறுபடி உதடு அசைந்தது. இந்தத் தடவை மகள் சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவன் குனிந்து கேட்டான். கேட்டவன் நிமிரவில்லை.

"என்ன சொல்றாரு?"

"தண்ணி கூடினா கலவை பலம் போயிடும்னு சொல்றாரு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். எதிரே இருந்த மூவரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அவனுக்கு எல்லாம் கண்முன் வந்தது. தினமும் காலையில் தன் கண்ணெதிரே அப்பா கிண்ணத்தில் குழி பறித்ததும், தண்ணீரை அளந்து விட்டதும், பதம் சரி என்று தானே மனசுக்குள் சொல்லிக்கொண்டதும். நார்ப்பொடி உறிஞ்சும் தண்ணீரை எல்லாம் அந்த வயிறு எங்கிருந்து கொடுக்கும்? அப்பா தன் குடலுக்குள் தினமும் ஒரு பூச்சு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அது இறுகாமல் என்ன செய்யும்?

"நீங்களாவது..." என்று ஆரம்பித்த டாக்டர் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நானும் மேஸ்திரிதான் டாக்டர்" என்றான்.

மேஸ்திரியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இருவரும் தாழ்வாரத்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஒட்டடை படிந்த மின்விசிறி ஒன்று சுற்றாமல் தொங்கியது. பக்கத்தில் ஒரு பெண் தன் மாமனாருக்குப் பழத்தை நசுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் வாங்க மறுத்து அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டுகிற அளவுக்கு அவருக்குக் குரல் இருந்ததே என்று மகளுக்குப் பொறாமையாக இருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள வழி விடும்தானே அண்ணா?"

"விடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. நீ கேட்டே, சொன்னேன்."

அவள் கைப்பேசி அடித்தது. பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்தாள். மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"இல்லை, ஆலையில இல்லை... ஆமா, பொய்தான் சொன்னேன்... ஆஸ்பத்திரியில. அப்பாவுக்கு... நான் வரமாட்டேன். நீங்க வேணும்னா வாங்க. சத்தம் போடணும்னா இங்க வந்து போடுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

பேசி முடித்த பிறகுதான் அவள் கை நடுங்கியது. அண்ணன் அந்தக் கையைப் பார்த்தான். அவள் சட்டென்று அதைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். நடுக்கம் என்றாலே அந்த வீட்டில் இப்போது எல்லோருக்கும் ஒரே பயம்தான்.

முதல் தடவை விட்ட மருந்து பலிக்கவில்லை. நர்ஸ் வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவது தடவைக்குப் பிறகு ரொம்ப நேரம் கதவு திறக்கவில்லை. அறுவைச் சிகிச்சை வார்டு எந்தப் பக்கம் என்று அண்ணன் ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான். எதற்குப் போனான் என்று அவள் கேட்கவில்லை.

கதவு திறந்தது. நர்ஸின் நெற்றியெல்லாம் வியர்வை. "ஆச்சு" என்றாள். "நானே கைதட்டிட்டேன். உள்ள வாங்க, ஜன்னலைத் திறந்து வச்சிருக்கேன்."

மேஸ்திரி வெள்ளைப் போர்வைக்குள் பாதி ஆளாகக் கிடந்தார். மகள் நெற்றியைத் தொட்டாள். அவர் கண் திறந்தது.

"எப்படிப்பா இருக்கு?"

"வேலை முடிஞ்சு சாரம் பிரிச்ச மாதிரி இருக்கு."

அண்ணன் சிரித்தான். சிரித்த வாய் கோணிக்கொண்டு வேறு பக்கம் போனது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

டாக்டர் வந்து, வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையை முழுதாக, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு கொடுக்கச் சொன்னார். "நசுக்கக் கூடாது. தலையைக் கொஞ்சம் முன்னால சாய்ச்சு முழுங்கட்டும். சாப்பாடு அப்புறம். வயித்துக்கு வேற ஒரு பொடி தர்றேன், தண்ணியை இழுத்து வச்சு மலத்தை இளக்கும்."

"மறுபடியும் பொடியா?" என்றான் அண்ணன்.

"பொடிதான். ஆனா கலக்கற வேலையை இவர்கிட்டக் கொடுக்காதீங்க."

மகள் வாசல் வரை டாக்டரோடு போனாள். "இனிமே சரியாயிடுவாரா டாக்டர்?"

"இன்னிக்கு விறைச்சது வயித்தால. அது குறையும். வியாதி வேற. அதை நிறுத்தற மருந்து இன்னும் யார்கிட்டயும் இல்லைம்மா. டப்பாவுலயும் இல்லை, என்கிட்டயும் இல்லை. இருக்கற நாள்ல நடமாட வைக்கலாம். அவ்வளவுதான் என்னால முடியும்."

தண்ணீர் முழுவதையும் குடிக்க அவருக்கு நேரமானது. ஒவ்வொரு வாய்க்கும் நடுவே டம்ளரைப் பார்த்தார். வீணாகப் போகிறதே என்று பார்ப்பதைப் போல இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் பிரிந்தன. பிறகு மணிக்கட்டு. கால் கட்டைவிரல் போர்வைக்கடியில் அசைந்தது. பல வாரமாக எங்கேயோ தேங்கிக் கிடந்த மாத்திரை இன்றைக்குத்தான் வழி கண்டு போய்ச் சேர்ந்தது.

"கிண்ணம் எங்கே?" என்றார்.

"வீட்டுல இருக்குப்பா. அது இனி வேண்டாம்."

"அப்ப காலையில எனக்கு என்ன வேலை?"

அவள் போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள்.

மாப்பிள்ளை வந்தபோது வெயில் ஜன்னலை விட்டு இறங்கியிருந்தது. கிடங்கிலிருந்து நேரே வந்திருந்தார். சட்டைப் பையில் பேனா. கோபத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தவர், கட்டிலைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் மேஸ்திரி.

"எப்படி இருக்கீங்க மாமா?"

"இருக்கேன். உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. மூலையில் சிமெண்ட் சாக்கு அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன மச்சான் இது? என் டப்பாவை எல்லாம் சாக்குல கட்டிக் கொண்டாந்திருக்கீங்க?"

"டாக்டர் கேட்டாங்க" என்றான் அண்ணன். "எது எது எப்படின்னு சொன்னாங்க. ரெண்டைத் தவிர மத்ததெல்லாம் வேண்டாமாம். அந்த ரெண்டையும் மாத்திரையோட கலந்தா விஷம் மாதிரியாம்."

"விஷம்னு சொல்லலை" என்றாள் மகள். "நேரம் மாத்திக் கொடுக்கணும்னாங்க. நார்ப்பொடிக்கு நிறையத் தண்ணி வேணும்னாங்க. அப்பா கால் டம்ளர்ல கலந்திருக்காரு."

"கால் டம்ளரா? டப்பாவுலயே போட்டிருக்கே, பெரிய டம்ளர் நிறையன்னு!"

"எந்த மொழியில போட்டிருக்கு?" என்றான் அண்ணன்.

மாப்பிள்ளையின் பார்வை சாக்குப் பக்கம் போனது.

"அப்பாவுக்கு எழுத்தே தெரியாது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கறவன், அதுவும் நம்ம எழுத்தை. உங்களுக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொரு மாசமும் இந்தக் கட்டில்ல உக்காந்து டப்பாவை எண்ணிக் கொடுத்தீங்களே மாப்பிள்ளை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எப்படிக் குடிக்கறீங்க மாமான்னு கேட்டிருக்கலாம்."

"டேய்" என்றார் மேஸ்திரி.

"சொல்லட்டும் மாமா."

மாப்பிள்ளை சாக்குப் பக்கம் போய்க் குனிந்தார். ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கம்மாவுக்கும் இதைத்தான் கொடுக்கறேன்" என்றார். "நல்லதுன்னு நினைச்சுத்தான் கொடுத்தேன். கம்பெனிக்காரன் மேடையில ஒருத்தரை நடக்க வச்சுக் காட்டினான். நான் பின்னாடி வரிசையில உக்காந்து, இதே மாதிரி மாமாவும் நடப்பாருன்னு..."

அவர் நிமிர்ந்தபோது குரல் தணிந்திருந்தது.

"இதைத் திருப்பி எடுத்துக்க மாட்டான். கட்டின பணம் கட்டினதுதான். ஆனா உங்ககிட்ட எப்படி இனிமே கேப்பேன்? சும்மா விட்டுடறேன்னு சொன்னா அதுவும் நீங்க வாங்கிக்க மாட்டீங்க." கொஞ்சம் யோசித்தார். கணக்கு எழுதுகிற மனிதர். அவருக்கு வழி கணக்காகத்தான் தோன்றியது. "மாடி ரூம் இருக்கே மாமா. நீங்க பூசினது. அதுக்கு நான் கூலியே தரலை. எனக்கு மனசுல இருந்துட்டேதான் இருக்கு. இந்தப் பதினோராயிரத்து அறுநூத்து நாப்பதை அதுல கழிச்சுடுவோம். பார்க்கப்போனா அதுக்கு மேலயே வரும். மேல வர்றதை நான் தர்றேன்."

அண்ணனின் முகம் தெளிந்தது. காலையில் அவன் சொன்னதும் இதுதானே. "அது நியாயம்" என்றான். "இப்பத்தான், மாப்பிள்ளை, கணக்கு நேரா நிக்குது."

மூவரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

அவர் முகத்தில் எதுவும் இல்லை. மேலே சுண்ணாம்பு உதிர்ந்த கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் போர்வை ஓரத்தைப் பார்த்தாள். இடது கைக் கட்டைவிரல் மெதுவாக மடங்கி, உள்ளங்கைக்குள் போய், மற்ற நாலு விரலும் அதன்மேல் மூடின.

"அப்பா, வேண்டாம்" என்றாள். "அண்ணன் எப்படியாவது கொடுத்துடுவான். நான் கூடச் சேர்த்துக்..."

"நீ சும்மா இரும்மா." மாப்பிள்ளை பக்கம் தலையைத் திருப்ப அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "கழிச்சா, அவ வரப் போக இருக்கலாமா?"

"ஐயோ மாமா. எப்ப வேணாலும். நான் ஏதோ கோவத்துல..."

"இருக்கலாமா?"

"இருக்கலாம் மாமா."

"அப்ப கழிச்சுக்கோங்க. மேல எவ்வளவு வந்தாலும் வேண்டாம். சரிக்குச் சரி."

மாப்பிள்ளைக்கு நெஞ்சு லேசானது முகத்திலேயே தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டார். "பாக்கின்னு ஒண்ணு இனி நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இல்லை மாமா."

"இல்லை" என்றார் மேஸ்திரி. பிறகு, யாரிடமும் சொல்லாத மாதிரி, "நான் என் பொண்ணுக்குக் கட்டிக் கொடுத்தேன்னு நினைச்சிட்டு இருந்தேன். கூலிக்குத்தான் பூசியிருக்கேன்" என்றார்.

குரல் அவ்வளவு சன்னம். மாப்பிள்ளைக்குக் கேட்கவில்லை. "என்ன சொன்னாரு?" என்றார். அண்ணனுக்கும் கேட்கவில்லை. அவன் சாக்கை வாயைக் கட்டி, "இதை என்ன பண்றது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"தண்ணி கேட்டாரு" என்றாள் மகள்.

டம்ளரை நிரப்பினாள், விளிம்பு வரை. தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தாள். பாதி அவர் வாய்க்குள் போனது, பாதி கழுத்தில் வழிந்தது. துடைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை கீழே போய் வண்டியை எடுத்தார். ஹாரன் ஒரு தடவை கேட்டது. இனி அவள் தடையில்லாமல் வரலாம், போகலாம். வீட்டுக்குப் போனால் மாடி ஏறி அந்த அறையில்தான் படுக்க வேண்டும். விளக்கை அணைத்த பிறகு சுவரில் கை வைத்துக்கொண்டு தூங்குகிற பழக்கம் அவளுக்கு. அப்பா விரலை மடக்கிக்கொண்டு பூசின சுவர்.

ஹாரன் மறுபடி கேட்டது. அவள் டம்ளரைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.